கீழ்ப்பகுதி என்று எழுதியவன்

"…தெரியாதுன்னு மட்டும் எழுதிப்போடாதீங்கண்ணா. நெருப்பக் கொண்டாந்தவ நானு. கையெழுத்துப் போட்டவளும் நான்தானுங்க. எனக்குத் தெரியாம அங்கே என்ன நடந்துச்சு?"

சர்வே ஜீப்பின் முன்பக்கத்துத் தகரத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து நான் எழுதிக்கொண்டிருந்தேன். என் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு அவள் சொன்னது இது. அவள் ஹெலிகாப்டர் இறங்குதளத்துக்குக் கீழே தோட்டம் வைத்திருந்தவள். என்னைவிட எட்டுப் பத்து வயது சின்னவள், அம்மிணி என்று கூப்பிடுவேன். நான் அந்த இறங்குதளத்தின் காவலாள். பணி ஓய்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அவள் தோட்டம் அவளுக்கு மிஞ்சுமா மிஞ்சாதா என்பது அன்று நான் எழுதுகிற தாளில் இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய இன்னொரு தாளால் வந்த வினை அது.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

ஊட்டியிலிருந்து கோத்தகிரி போகிற பாதையில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கால்மணி நேரம் ஏறினால் ஒரு மொட்டை மேடு வரும். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே துரைமார் குதிரை ஓட்டினார்கள் என்பார்கள். நான் பார்த்ததில்லை. சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, ஒரு பெரிய தலைவர் ஆகாய மார்க்கமாக மலைக்கு வருகிறார் என்று தகவல் வந்ததாம். அவசர அவசரமாக ஆட்களை விட்டு மேட்டின் தலையைச் சீவி, உருளை இழுத்துச் சமன் செய்தார்கள். தலைவர் காரில் வந்து காரிலேயே போய்விட்டார். சமன் செய்த மண் அப்படியே கிடந்தது. இருக்கிறதை வீணாக்குவானேன் என்று, ரொம்ப நாள் கழித்து வந்த ஓர் அதிகாரி புல்டோசர் கொண்டுவந்து மேட்டை இன்னும் வெட்டி, மண்ணைத் தெற்குச் சரிவில் தள்ளி இடத்தை அகலமாக்கினார். நடுவில் வெள்ளைக் கற்களைப் பதித்து ஒரு 'எச்' எழுத்து. அதைச் சுற்றிச் சுண்ணாம்பு வட்டம். ஓரத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் காற்றின் திசை காட்ட ஒரு துணிக்குழாய். ஒரு தகரக் கொட்டகை. 'பொது வானூர்தி இறங்குதளம்' என்று ஒரு பலகை. இதுதான் எங்கள் விமான நிலையம்.

விமானம் எதுவும் அங்கே இறங்கியதில்லை, இறங்கவும் முடியாது. ஹெலிகாப்டர் வரும், அதுவும் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஆனாலும் கீழே ரோட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு 'ஏர்போர்ட்' என்றே பெயர் விழுந்துவிட்டது. கண்டக்டர் ஒருவர் தினமும் ஒரே கேலியைச் செய்வார்: "ஏர்போர்ட் எறங்கறவங்க முன்னால வாங்க. பாஸ்போர்ட்டக் கையில எடுத்து வெச்சுக்குங்க." முதல் வருஷம் சிரித்தேன். பிறகு சிரிக்கிற வேலையைப் புது ஆட்களுக்கு விட்டுவிட்டேன்.

அந்த நிறுத்தத்தில் இருந்த டீக்கடைக்காரர் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு அங்கே பெரட்டுக் களம் என்று பெயராம். எங்கள் இறங்குதளத்தையும் அவர் அப்படித்தான் சொல்வார். "அங்கயும் தொரை வருவாரு வருவாருன்னு குளிர்ல நிப்போம். இங்கயும் நிக்கிறோம். அங்க நின்னா வேலையாச்சும் குடுப்பான்" என்பார். வருகிறேன் என்று சொன்ன பெரியவர்கள் பாதிப் பேர் மூடுபனியைப் பார்த்துவிட்டுக் கோயமுத்தூரிலேயே திரும்பிப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காகிதக் கொடியோடு காலையிலிருந்து நிற்கும். மத்தியானம் ஒரு போலீஸ்காரர் வந்து, "அய்யா ரோடு வழியாப் போயிட்டாரு, எல்லாரும் கலைஞ்சு போங்க" என்பார். பிள்ளைகள் போனபிறகு நனைந்த கொடிகளைப் பொறுக்குவது என் வேலை.

வேலை என்று பார்த்தால் அதிகம் இல்லை, ஆனால் ஓய்வும் இல்லை. வட்டத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும். மழை அதை ஒரு மாசத்தில் கழுவிவிடும், மறுபடி அடிக்க வேண்டும். மாடு ஏறாமல் பார்க்க வேண்டும். மண்ணை யாரும் சுரண்டாமல், கல்லை யாரும் பெயர்க்காமல் பார்க்க வேண்டும். ஹெலிகாப்டர் வருகிற அன்று புகை போட வேண்டும். புகைக்கென்று கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு குழி உண்டு. கற்பூரமரத்துப் பச்சைத்தழையை அதில் போட்டு மூட்டினால் வெள்ளைப் புகை கெட்டியாக எழும்பும். அது சாய்கிற பக்கத்தைப் பார்த்து ஓட்டுகிறவர் காற்றைத் தெரிந்துகொள்வார். குழியில்தான் போட வேண்டும், வேறெங்கும் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஏன் கூடாது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தெற்குச் சரிவுக்குக் கீழேதான் அம்மிணியின் தோட்டம். அவள் மாமனார் சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து மலையேறி வந்து, கூலிவேலை செய்து வாங்கிய பூமி. உருளைக்கிழங்கு, கேரட், ஓரத்தில் கொஞ்சம் பூண்டு, ரெண்டு மாடு. புருஷன் லாரி ஓட்டப் போய் இடுப்பில் அடிபட்டு வீட்டோடு கிடந்தான். தோட்டம் இருந்தால் சோறு, இல்லையென்றால் அவள் எஸ்டேட்டுக்குப் போய் இலை பறிக்க வேண்டும். புருஷனை விட்டுவிட்டு அதுவும் முடியாது. அவளுக்கு இருந்தது அவ்வளவுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் இருக்கும், இன்னும் தினக்கூலிதான். அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மேட்டுப்பாளையம் போகிற பாதைகளில் மண் சரிந்து, மலைக்கு மேலே இருந்தவர்கள் மேலேயே மாட்டிக்கொண்டோம். மருந்து இல்லை, குழந்தைகளுக்குப் பால் பவுடர் இல்லை. எங்கள் ஓவர்சியர் ஒரு நாள் சாயங்காலம் முழங்கால் வரைக்கும் சேறோடு நடந்தே வந்து சொன்னார்: "நாளைக்குக் காலைல ஹெலிகாப்டர்ல பெட்டி வருது. துணிக்குழாய் இருக்குதா?"

"போன வாரக் காத்துல கிழிஞ்சு போச்சுங்க சார். புதுசுக்கு எழுதிப் போட்டு மூணு மாசமாச்சு."

"அப்ப புகையாவது ஒழுங்காப் போடு."

காலையில் குழியைப் போய்ப் பார்த்தேன், குழி நிறையத் தண்ணீர். தழை ஊறிப்போயிருந்தது, தீப்பெட்டி ஊறிப்போயிருந்தது. மண்ணெண்ணெயை ஊற்றினால் அது தண்ணீரின் மேல் மினுமினுவென்று மிதந்தது. சரிவின் ஓரத்தில் நின்று கீழே பார்த்துக் கத்தினேன்: "ஏ அம்மிணி, அடுப்புல நெருப்பு இருக்குதா?"

ஒரு இரும்புச் சட்டியில் அடுப்புக் கங்கை அள்ளி, மேலே தகரத்தை மூடிக்கொண்டு அவள் ஏறி வந்தாள். பாதி வழியிலேயே கங்கு கறுக்க ஆரம்பித்துவிட்டது. குழியை எட்டிப் பார்த்தாள்.

"இதுல ஏறாதுங்கண்ணா. எங்க கட்டுத்தரைல மாட்டுக்கு வெச்ச காஞ்ச புல்லு கெடக்குது, அங்க வந்து போடுங்க. நல்லாப் பொகையும்."

"குழியிலதான் போடோணும்னு சொல்லியிருக்காங்க அம்மிணி."

"பொகை பொகைதானுங்களே. இங்கிருந்து போனா என்ன, அங்கிருந்து போனா என்ன? காத்து ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான அடிக்குது?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அவள் மாட்டுக்கொட்டிலின் ஓரத்தில், தோட்டத்து வரப்பில், காய்ந்த புல்லின் மேல் தழையைப் போட்டு மூட்டினோம். என்ன புகை. அந்த மழையிலும் தென்னைமரம் உயரத்துக்கு எழும்பி நின்றது. நாங்கள் ரெண்டு பேரும் வேலையை முடித்த திருப்தியில் கையைத் தட்டிக்கொண்டோம்.

ஒன்று மட்டும் எங்களுக்குத் தோன்றவில்லை. மேடு முழுக்க மூடுபனி. மேலிருந்து பார்க்கிறவனுக்கு வட்டமும் தெரியாது, 'எச்'சும் தெரியாது. புகை ஒன்றுதான் தெரியும். புகை இருக்கிற இடம்தான் களம் என்று நினைத்து அவன் இறங்குவான்.

சத்தம் வந்தது. பிறகு பனியைக் கிழித்துக்கொண்டு ஹெலிகாப்டரின் வயிறு தெரிந்தது. நான் மேட்டைக் காட்டிக் கையை ஆட்டினேன். வரவேற்கிறேன் என்று ஓட்டுகிறவர் நினைத்திருப்பார். நேராக அம்மிணியின் உருளைக்கிழங்குப் பாத்தியின் நடுவே வந்து உட்கார்ந்தது. கொட்டிலின் தகரம் ரெண்டு பறந்துபோய் அடுத்த பள்ளத்தில் விழுந்தது. செடியெல்லாம் படுத்துவிட்டது. கோழிமுட்டை அளவு பிஞ்சுக் கிழங்குகள் சேற்றுக்கு மேலே வந்து கிடந்தன. மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, மறுநாள்தான் கிடைத்தது.

ஓட்டி வந்தவர் வடக்கத்திக்காரர், சின்ன வயசு. கீழே காலை வைத்தார், கால் முழங்கால் வரைக்கும் போனது. வட்டம் எங்கே என்று கையால் வட்டம் போட்டுக் காட்டிக் கேட்டார். நான் மேலே காட்டினேன். அவர் மேலே பார்த்தார், புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மிணி அதற்குள் பெயர்ந்து கிடந்த கிழங்கைக் கழுவி வேகவைத்து உப்போடு கொண்டுவந்து நீட்டினாள். நின்றபடியே ஆறேழு தின்றார். கீழிருந்து வந்த ஆட்கள் கைக்குக் கை மாற்றிப் பெட்டிகளை ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். டீக்கடைக்காரர் ஒரு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா தங்கச்சி, இத்தனை வருசமா நாங்க களத்துல நிக்கிறோம். வந்தவன் ஒங் கெழங்குக்கு வெலை கேக்கப் போயிட்டானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாத்தியைப் பார்க்காமல் சிரித்தாள்.

மறுநாள் ஓவர்சியர் ரிப்போர்ட் கேட்டு வந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"வெளிய எறங்குச்சுன்னு எழுதினா விசாரணை வரும்ப்பா. பொகைய மாத்திப் போட்டது யாரும்பாங்க. நீ தினக்கூலி, நாளையிலிருந்து வராதேன்னா முடிஞ்சுது. அந்தப் புள்ளை நெருப்பக் காட்டி வழி மாத்துச்சுன்னு போலீஸ் அதும்பின்னால அலையும். பெட்டி வந்துதா? ஆருக்கும் அடியில்லையா? அப்புறம் என்ன. எறங்குதளத்தோட கீழ்ப்பகுதியில பத்திரமா எறங்குச்சுன்னு எழுதிக் குடு."

நல்ல மனுஷர். எங்கள் ரெண்டு பேருடைய வயிற்றையும் நினைத்துத்தான் சொன்னார். நான் என்னுடைய அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'இறங்குதள எல்லைக்குட்பட்ட கீழ்ப்பகுதியில் வானூர்தி பத்திரமாக இறங்கியது.' உள்ளூர்க்காரர் ஒருவர் சாட்சி போட வேண்டும் என்றார் ஓவர்சியர். அவளிடம் கொண்டுபோனேன்.

அவள் விரலை வைத்து வாசித்தாள். "கீழ்ப்பகுதின்னா எங்க தோட்டமுங்களா?"

"சும்மா பேச்சுக்கு எழுதறது அம்மிணி. இல்லீன்னா நம்ம ரெண்டு பேருக்கும் வம்பு."

என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். களத்துக்குள்தான் இறங்கியது என்று ஆகிவிட்டதால், நாசமான பயிரைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்க முடியவில்லை. அடுத்த போகத்துக்கு விதைக்கிழங்குகூட மிஞ்சாமல் பக்கத்துத் தோட்டங்களில் கேட்டு வாங்கிப் போட்டாள். எனக்கோ, இக்கட்டான நேரத்தில் திறமையாக வேலை செய்தவன் என்று மேலே எழுதிப்போய், மறு வருஷமே வேலை நிரந்தரமானது. அந்தத் தாள்தான் என்னை நிரந்தரமாக்கியது. அதைப் பற்றி நானும் அவளும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. கறந்த பாலில் ஒரு டம்ளர் எனக்கு வருவது மட்டும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம். மழை வெள்ளையைக் கழுவும், நான் அடிப்பேன். காற்று துணிக்குழாயைக் கிழிக்கும், நான் எழுதிப் போடுவேன். ஓவர்சியர் மாற்றலாகிப் போனார், பிறகு காலமாகியும் போனார். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஏர்போர்ட் வருகிறது என்று பேச்சு வரும், ஓட்டுப் போட்டதும் போய்விடும். முட்டி வலிக்க ஆரம்பித்தது. வெள்ளையடிக்கக் குனிந்தால் நிமிர நேரமாகும். இறங்காத வண்டிக்குக் காவல் இருப்பதில் வருகிற களைப்பு வேறு மாதிரி. வேலை செய்து வருகிற களைப்பு தூங்கினால் போய்விடும். இது போகாது.

இந்தத் தடவை பேச்சோடு நிற்கவில்லை, சர்வே ஜீப்பும் வந்துவிட்டது. அளக்க வந்த அதிகாரி இளவயதுப் பெண். ரெண்டு உதவியாட்கள். முக்காலியில் ஒரு கருவி. சின்ன விமானம் இறங்குகிற மாதிரி களத்தைத் தெற்கே நீட்டப் போகிறார்களாம். முதல் நாள் மத்தியானத்துக்குள் அம்மிணியின் தோட்டத்தில், கிணற்றிலிருந்து கொட்டில் வரைக்கும், சிவப்புப் பெயின்ட் அடித்த முளைகள் வரிசையாக நின்றன. அதற்கு மேலே இருக்கிறதெல்லாம் ஏற்கெனவே அரசாங்க இடம் என்றார்கள். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். முளைகளுக்குக் கீழே மிஞ்சினது வீடும் வாசலும் நாலு வரிசைக் கேரட்டும்.

"எப்படிங்க மேடம்? பட்டா இருக்குதுங்களே" என்று கேட்டேன்.

"பட்டா இருக்கு, எல்லைக்கல் இல்லை. தெற்குப் பக்கம் தேடிப் பார்த்துட்டோம். கல் இருந்தா நான் கல்லைப் பார்ப்பேன். கல் இல்லாதப்போ காகிதத்தைத்தான் பார்க்கணும்." காகிதக் கட்டிலிருந்து ஒரு நகலை உருவி நீட்டினார். "கீழ்ப்பகுதி எல்லைக்குட்பட்டதுன்னு ஃபைல்லயே இருக்கு. அந்தம்மாவே சாட்சி போட்டிருக்காங்க. இதை எழுதினது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

என் எழுத்து என்னையே பார்த்தது. அப்போது எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன்.

"தெரியலீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நான் ரோட்டுக்கு இறங்கிவிட்டேன். அதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

டீக்கடைக்காரருக்கு விஷயம் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. கிளாஸைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"நீ எழுதினதை நீயே பொய்யின்னு எழுதினா, ரெண்டுல எதை நம்புவான்?"

"நம்பறான், நம்பாமப் போறான்."

"மூணு மாசம் வாயை மூடிக்கிட்டு இரு. பென்ஷன் கையில வந்தப்புறம் உண்மையைக் கதைக்கலாம்."

"அப்பத் தோட்டம் இருக்காதுங்களே."

"அது சரி" என்று அடுத்த கிளாஸை எடுத்தார். அவரும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் பிறந்த ஊரை விட்டு வந்தவர்.

கெட்ட எண்ணத்தால் வாயை மூட நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். அலுப்புத்தான். இன்னொரு விசாரணை, இன்னொரு நாற்காலி முன்னால் நிற்பது, இந்த முட்டியோடு மாடிப்படி ஏறுவது என்று நினைத்தாலே படுத்துக்கொள்ளத் தோன்றியது.

மறுநாள் காலை போனபோது அவள் தோட்டத்தில் இருந்தாள். முளை அடித்த பக்கத்திலேயே, எதுவும் நடக்காதது போல, கிழங்குச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் "பாலு வாசல்ல வெச்சிருக்கேனுங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான். கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. பால் குடிக்கப் போகாமல் நேராக ஜீப்புக்குப் போனேன்.

"மேடம், அந்தக் காகிதம் எழுதினது நான்தானுங்க. அதுல இருக்கிறது பொய்யிங்க."

அவர் எரிந்துவிழவில்லை. "ரிட்டயர்மென்ட் எப்போ?"

"மூணு மாசமுங்க."

"இதை எழுத்துல குடுத்தா உங்க மேல நடவடிக்கை வரும். பென்ஷனை நிறுத்தி வைக்கலாம். தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"இன்னைக்குச் சாயங்காலம் ஃபைல் மேலே போகுது. அதுக்குள்ள குடுத்தாத்தான் ஆட்சேபணைன்னு சேர்க்க முடியும்." ஒரு வெள்ளைத்தாளை உருவிக் கொடுத்துவிட்டு, தூறலுக்குக் குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தார்.

எழுதினேன். மழை, புகை, கொட்டில், பாத்தி எல்லாவற்றையும் எழுதினேன். கை பழைய கை இல்லை, எழுத்து கோணிக்கோணிப் போனது. அம்மிணி மண்வெட்டியோடு மேலே ஏறி வந்து என் பின்னால் நின்றது தெரிந்தது. கடைசியில், அவளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று நினைத்து இப்படி எழுதினேன்: 'சாட்சிக் கையெழுத்திட்ட அம்மாளுக்கு விவரம் ஒன்றும் தெரியாது. நான் காட்டிய இடத்தில் போட்டார்.'

அப்போதுதான் அவள் சொன்னாள், தெரியாதென்று எழுத வேண்டாம், நெருப்பைக் கொண்டுவந்தவள் நான் என்று.

மேடம் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, அவர் எழுதினதுதான் உங்களுக்கு நல்லது. தெரியாம போட்டேன்னா உங்க பக்கம் பலம். தெரிஞ்சே போட்டேன்னா, அப்ப ஒத்துக்கிட்டு இப்ப ஏன் மாத்தறேன்னு உங்களையே கேப்பாங்க."

"கேக்கட்டுமுங்க. ஒண்ணும் தெரியாதவன்னு ஒருக்கா எழுதியாச்சுன்னா, அப்புறம் கல்லு எங்கிருக்குதுன்னு நான் சொன்னாலும், உனக்குத்தான் ஒண்ணுந் தெரியாதே, போம்மான்னுதானுங்க சொல்லுவாங்க?"

குடை என் தலைக்கு மேலிருந்து விலகியது. "எந்தக் கல்லு?"

"எல்லைக்கல்லுங்க. நான் கண்ணாலமாயி வந்த வருசம் எம் மாமனார் கைகாட்டி வெச்சாரு. கொட்டில் கம்பத்துக்கும் அந்தப் பெரிய சைப்ரஸ் மரத்துக்கும் நேரா. அந்த வருசந்தான் புல்டோசர் வந்துச்சு. தள்ளுன மண்ணு கல்லை மூடிப்போடுச்சு. மாமனாரு போய்க் கேட்டதுக்கு, அப்புறம் எடுத்து நட்டுத் தர்றோம்னாங்க. அவரு போயே சேர்ந்துட்டாரு."

அவள் கை காட்டிய பக்கம் பார்த்தேன். தோட்டத்தைத் தாண்டி, முளைகளைத் தாண்டி, சரிவையும் தாண்டி மேலே, நான் வெள்ளையடிக்கிற வட்டத்தின் தெற்கு ஓரத்தைக் காட்டினாள். களத்தின் நிலம் அவள் தோட்டத்தில் இல்லை. அவள் நிலம்தான் களத்துக்கு அடியில் கிடக்கிறது. இத்தனை வருஷமாக மாசா மாசம் குனிந்து குனிந்து அவள் பூமிக்கு நான் சுண்ணாம்பு பூசியிருக்கிறேன்.

"இத்தன வருசமா ஏன் அம்மிணி சொல்லுல?" என்றேன்.

"நீங்க காவல் இருக்கிற எடமுங்களே. அதுல நான் மம்முட்டி போட்டா, நீ எதுக்குடா காவலுக்குன்னு உங்களைத்தான கேப்பாங்க? கீழ எனக்குப் பொழைக்கறதுக்கு இருந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும்னு இருந்தேன்." தாளைப் பார்த்தாள். "இப்பத்தான் நீங்களே எழுதிப்போட்டீங்களே. இனி என்னுங்க."

நான் அந்தக் கடைசி வரியை அடித்தேன். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறினாள். மேடமும் உதவியாட்களும் பின்னால் போனார்கள். வட்டத்தின் ஓரத்தில் நின்று கீழே கொட்டில் கம்பத்தைப் பார்த்தாள், திரும்பி மரத்தைப் பார்த்தாள், இடது பக்கம் ரெண்டு எட்டு நகர்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, போன வாரம் நான் அடித்த வெள்ளையின் மேல் முதல் வெட்டு வெட்டினாள்.